காந்தம் எடுக்காதது

உள்ளே, சமையலறைத் தரையில் நாயின் நகங்கள் எழுப்பும் சத்தம் கேட்டது. டக், டக், டக். நான்காவது டக் வரவில்லை. மறுபடியும் மூன்று, மறுபடியும் ஓர் ஓட்டை.

ஆணியக்கா ஓங்கிய சுத்தியலை அப்படியே நிறுத்தினாள். வாய் நிறைய ஆணி இருந்ததால் நாயைக் கூப்பிட முடியவில்லை. அதற்குள் செருப்பு தரையில் உரசியது. மொத்தென்று ஒரு சத்தம். நாய் குரைக்கவில்லை, கதவிடுக்கில் விரல் நசுங்கிய குழந்தைபோல மெல்லிய குரலில் அழுதது.

"நடிக்காதே, போ," என்றான் தம்பி உள்ளேயிருந்து.

அவள் ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு நடுக்கதவு வரை போனாள். அதைத் தாண்டவில்லை. கொஞ்ச காலமாக அவள் அனுமதி கேட்காமல் அந்தக் கதவைத் தாண்டுவதில்லை. பஞ்சு என்ற அந்த நாய் கதவிடுக்கு வழியாக நொண்டிக்கொண்டு வந்து, வேலை மேசைக்கு அடியில் குவிந்து கிடந்த பழைய பஞ்சின் மேல் சுருண்டு, முன்னங்காலின் விரல்களுக்கு நடுவே நக்க ஆரம்பித்தது. அந்த இடத்தில் முடி உதிர்ந்து, தோல் சிவந்து, மொச்சை அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. அதன் நுனியில் ஊசிமுனை அளவு ஓட்டை. அழுத்தினால் கசியும்.

பழைய சோபாக்களையும் நாற்காலிகளையும் பிரித்து, புதுப் பஞ்சும் புதுத் துணியும் போட்டுத் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். அந்தத் தொழிலில் ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும், மறு கை சுத்தியலைப் பிடிக்க வேண்டும். ஆணிக்கு மூன்றாவது கை ஆண்டவன் கொடுக்கவில்லை. அதனால் ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் திருப்பி உதட்டுக்குக் கொண்டுவந்து, காந்த முனை வைத்த சுத்தியலை உதட்டருகே நீட்டினால் ஆணி அதில் போய் ஒட்டிக்கொள்ளும். பார்ப்பவர்களுக்குக் குலை நடுங்கும். அவளுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஆணியக்கா என்றால்தான் தெரியும். "வாயில ஆணி இருக்கிறவரைக்கும்தான் நமக்கு நல்லது, அதைத் துப்பிட்டுப் பேசினா தாங்காது," என்று எதிர்வீட்டுக்காரர் சொல்வார். வேடிக்கைக்குச் சொன்னதுதான்.

இந்தத் தொழில் அப்பா கொடுத்தது. அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா ஒரு மதியம், யாரோ ஒருவருடைய நாற்காலிக்குப் பாதி ஆணி அடித்த நிலையில், அதன் மேலேயே சாய்ந்து போனார். அப்போது அவளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. தம்பிக்குப் பால்பல் விழத் தொடங்கியிருந்தது. சடங்கெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, அவள் அந்த நாற்காலியின் மீதிப் பாதிக்கு ஆணி அடித்து முடித்தாள். அன்றைக்கு வாயில் வைத்த ஆணியை அப்புறம் அவள் எடுக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சோபா ஏற்றிவரும் வேன் ஓட்டுநர் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். நல்ல மனிதர். தம்பியை விடுதியில் சேர்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னார். அவள் ஆணிகளைத் துப்பிவிட்டு, "அவனுக்குப் பதிலா உங்களை விடுதியில சேர்த்துடலாமே," என்றாள். அதன்பிறகு அவர் சோபாவைத் தெருவிலேயே இறக்கிவிட்டுப் போக ஆரம்பித்தார்.

அப்படி வளர்த்த தம்பி படித்தான். இப்போது ஒரு பெரிய கடையில் புது சோபா விற்கிறான். பழைய சோபாவைப் புதுப்பிக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம், "அதெல்லாம் அந்தக் காலம் சார், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க," என்று சொல்வது அவன் வேலையில் ஒரு பகுதி. அக்கா என்ன செய்கிறாள் என்று கடையில் யாராவது கேட்டால், "வீட்டுல இருக்காங்க," என்பான்.

அவனுக்குப் பெண் பார்த்ததும் அவள்தான். பெண் வீட்டார் வந்து உட்கார்ந்தபோது, அந்தப் பெண் யாரும் பார்க்காத நேரத்தில் சோபாத் திண்டைப் புரட்டி அடித்தையலைப் பார்த்தாள். ஆணியக்காவுக்கு அது போதுமாயிருந்தது. மேலே பார்த்து மயங்காமல் அடியைப் பார்க்கிறவள். இவள்தான் என் தம்பிக்கு, என்று அன்றே முடிவு செய்தாள்.

வீட்டுக்கு இரண்டு வாசல். தெருவைப் பார்த்த முன்னறை அவளுடைய வேலையறை. அவள் படுப்பதும் அங்கேதான். பக்கத்துச் சந்தில் இருக்கும் வாசல் தம்பி குடும்பத்துக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. குழந்தை பிறந்த பிறகு தம்பி மனைவி அவனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அந்த அறையில ஆணி, தூசி, பஞ்சு. நீங்க போய் உட்கார்ந்துட்டு அதே சட்டையோட பாப்பாவைத் தூக்காதீங்க. அதுவும் இல்லாம, அங்க போயிட்டு வந்தீங்கன்னா வேற ஆளா வர்றீங்க."

"நான் போகல, போதுமா," என்றான் அவன்.

ஆனால் போனான். மனைவி குழந்தையைத் தூங்க வைக்கும் நேரத்தில், சாவியை அங்கே வைத்துவிட்டேன், அளவு நாடா வேண்டும் என்று ஏதாவது முணுமுணுத்துக்கொண்டு நடுக்கதவைத் தள்ளி வருவான். பாதி பிரித்த ஏதோ ஒரு சோபாவில், ஸ்பிரிங்குக்கு நடுவே இடம் பார்த்துப் படுத்துக்கொள்வான். சின்னப் பையனாக இருந்தபோதும் அப்படித்தான் படுப்பான். அவன் வாயில் பல்லுக்குச்சி ஒன்று இருக்கும். சிகரெட்டை விடச்சொல்லி மனைவி படுத்திய பாட்டில் அவன் பிடித்துக்கொண்ட துணை அது. சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பா எப்போதும் உண்டு. முனையில் இரண்டு வளையம் கடைந்த குச்சிகள், கடைக்கு வரும் பெரிய மனிதர்களின் சாப்பாட்டு மேசையில் இருக்கும் ரகம். அதைக் கடித்துக்கொண்டே பேசுவான். மனைவியைப் பற்றித்தான் பேசுவான். அவள் சமைப்பது, அவள் கேட்கும் கேள்விகள், அவள் அழும் விதம் எல்லாம் அங்கே வரும். அக்கா ஆமாம் என்றும் சொல்லமாட்டாள், இல்லை என்றும் சொல்லமாட்டாள். வாயில் ஆணி இருப்பவளிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அது திரும்பி வராது என்பது அவன் நம்பிக்கை. பேசிக்கொண்டே அசந்துவிடுவான். குச்சி வாயிலிருந்து நழுவும்.

அவளுக்கு அந்த நேரம் ஒன்றுதான் பாக்கியிருந்தது. மகன்போல வளர்த்தவனின் மூச்சுச் சத்தம், அவளுடைய சுத்தியல் சத்தத்துக்கு நடுவே. அதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் அவள் விழுங்கினாள்.

பஞ்சு இந்த வீட்டுக்கு வந்ததே ஒரு சோபாவுக்குள்தான். யாரோ மொட்டைமாடியில் போட்டு வைத்திருந்த பழைய சோபா. அடித்துணியைக் கிழித்தால் உள்ளே கண் திறக்காத ஒரு குட்டி. சொந்தக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னாள். "சோபாவைத் திருப்பிக் கொடுங்க, மத்ததெல்லாம் குப்பை," என்றார். அந்தக் குப்பைதான் இப்போது மேசைக்கடியில் காலை நக்கிக்கொண்டிருந்தது.

குழந்தை தவழ ஆரம்பித்ததும் பேச்சு முற்றியது. தம்பி மனைவி நடுக்கதவில் நின்றாள். அவள் உள்ளே வரமாட்டாள். வாசற்படியில் நின்றபடியே பேசுவாள்.

"அண்ணி, இன்னைக்கு நாய் கால்ல ஆணி. நாளைக்கு என் பொண்ணு கால்ல."

"ஆணியா இருக்காது."

"அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

ஆணியக்கா சுவரில் மாட்டியிருந்த காந்தத்தைக் காட்டினாள். பெரிய ஒலிபெருக்கியிலிருந்து அப்பா கழற்றியது, தட்டு மாதிரி கனமானது, கயிறு கட்டியது. வேலை முடிந்ததும் அதைத் தரை முழுவதும் இழுத்துவருவாள். ஒற்றை ஆணிகூடத் தவறாது. அப்பாவும் அப்படித்தான் செய்தார். காந்தம் போய்வந்துவிட்டால் தரை சுத்தம் என்பது அந்தத் தொழிலில் வேதம் மாதிரி. துடைப்பம் போடுவதில்லை; உதிர்ந்த பஞ்சைப் பெருக்கினால் மண் சேரும், மறுபடி திணிக்க உதவாது. பஞ்சைக் கையால் திரட்டி மேசைக்கடியில் தள்ளிவிடுவாள். காந்தம் சரி என்று சொன்ன பிறகு அந்தப் பஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று அவள் பார்த்ததே இல்லை.

"காந்தம் போகாம நான் படுத்ததில்ல. வேணும்னா ஒண்ணு சொல்றேன். இந்த அறையில கிடந்த எதுவாவது அது கால்ல இருந்தா, நானும் என் சுத்தியலும் வெளியே போயிடறோம். போதுமா?"

"சொன்னா சொன்னதுதானே, அண்ணி?"

"என்னைக்காவது மாத்திச் சொல்லியிருக்கேனா?"

திமிரில் சொன்னதுதான். ஆனால் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்த நாயின் பாதத்துக்குள் அவள் குடியிருப்பும் இருந்தது.

முதல் தடவை கால்நடை டாக்டரம்மாவின் மருத்துவமனைக்கு அவளே நாயைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. ஆணி எதுவும் தெரியவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வற்றியது. ஆணியக்கா அந்தக் கறுப்புப் படத்தை நடுக்கதவில் ஒட்டிவைத்தாள், உள்ளேயிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி.

மாத்திரை தீர்ந்ததும் அதே இடத்தில், அதே அளவில், வீக்கம் திரும்பியது. மறுபடி மாத்திரை, மறுபடி வற்றல், மறுபடி வீக்கம்.

"அப்போ நாய் நடிக்குது," என்றான் தம்பி. "அதான் படத்துல ஒண்ணும் இல்லையே. உன்னைப் பார்த்துத்தான் கத்துக்கிச்சு. உனக்கும் முதுகுவலின்னா எந்தப் படத்துலயும் தெரியாதே."

தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்தது. ஆணியக்கா வாயில் ஆணியைப் போட்டுக்கொண்டாள்.

கடைக்கு விடுமுறையான ஒரு காலையில் டாக்டரம்மாவே பையோடு வீட்டுக்கு வந்தார். வரச்சொன்னது தம்பி. எதற்கு வரச்சொன்னான் என்பது ஆணியக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எதுக்கு டாக்டர் இவ்வளவு கஷ்டம்? சீழ் சொட்டற நாய், தவழற குழந்தை. ஒரே ஊசியில தூங்க வச்சிடலாமே," என்றான். டாக்டர் வந்திருக்கிறார் என்பதால் அன்று நடுக்கதவைத் தாண்டி, அறைக்குள் வந்து நின்றான். பல்லுக்குச்சி உதட்டோரத்தில் ஆடியது. மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றாள்.

"தூங்க வைக்கத்தான் போறேன். எழுப்பவும் போறேன்," என்றார் டாக்டரம்மா. பருமனான பெண்மணி, பேசும்போதே கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். "அம்மா, இந்த மேசையைக் காலி பண்ணுங்க. வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்கு."

"எக்ஸ்ரேயில ஒண்ணுமில்லையே, டாக்டரம்மா?" என்றாள் ஆணியக்கா.

"எக்ஸ்ரே ஆணியைக் காட்டும், கல்லைக் காட்டும், கண்ணாடியைக்கூட அநேகமா காட்டிடும். மரத்தையும் முள்ளையும் காட்டாது. அதுக்கு சதையும் மரமும் ஒண்ணுதான். மருந்து கொடுத்தா அடங்குது, நிறுத்தினா அதே இடத்துல எழும்புது. வியாதின்னா இடம் மாறும். இடம் மாறாம இருந்தா உள்ள யாரோ குடியிருக்காங்கன்னு அர்த்தம்."

பஞ்சுவுக்கு ஊசி போட்டதும் தலை மெல்லச் சாய்ந்தது. நாக்கு ஒரு பக்கம் தொங்கியது. ஆணியக்கா அதன் காலைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா விரல்களுக்கு நடுவே இருந்த முடியை மழித்தார், கழுவினார், பாதத்தைத் திருப்பி அடிப்பக்கத்தை விளக்குக்குக் காட்டினார். மெத்தென்ற கறுப்புப் பாதத்தோலின் ஓரத்தில், மடிப்புக்குள், எப்போதோ மூடிய ஒரு சிறு தழும்பு. அதை மெதுவாகக் கீறித் திறந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் உப்புநீரைச் செலுத்தினார். கீழே செலுத்திய நீர் மேலே, அந்த வீக்கத்தின் ஓட்டை வழியாக, சீழோடு சேர்ந்து வடிந்தது.

"பார்த்தீங்களா? கீழே நுழைஞ்சிருக்கு, மேல வர வழி தேடியிருக்கு. நடுவுல எங்கயோ மாட்டிக்கிட்டு நிக்குது."

மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டார். ஒன்றுமில்லை. கோணத்தை மாற்றினார். ஒன்றுமில்லை.

"நான்தான் சொன்னேனே," என்றான் தம்பி.

"கொஞ்சம் சும்மா இருங்க."

மூன்றாம் முறை அவர் கை நின்றது. இடுக்கியின் நுனியில் ஏதோ தட்டுப்பட்டது ஆணியக்காவின் விரல்களுக்கும் தெரிந்தது. நாயின் கால் வழியாக வந்த ஒரு சின்ன அதிர்வு. டாக்டரம்மா இழுத்தார். வந்த வழியை விட மனமில்லாதது மாதிரி அது மெல்ல மெல்ல வந்தது. வெள்ளைத் துணியின் மேல் வைத்துத் துடைத்தார்.

ஒடிந்த பாதிப் பல்லுக்குச்சி. ஊறிக் கறுத்திருந்தது. ஒரு முனை கூர்; மறு முனைப் பக்கம் இரண்டு வளையம் கடைந்திருந்தது. கூர்முனையில் வெள்ளைப் பஞ்சு இழை ஒன்று நூல் மாதிரி இறுகச் சுற்றியிருந்தது. அந்தப் பஞ்சை ஆணியக்காவுக்குத் தெரியும். அதைக் கையால் திரட்டி மேசைக்கடியில் தள்ளியது அவள்தான்.

தம்பியின் உதட்டோரத்தில் ஆடிக்கொண்டிருந்த குச்சி நின்றது. அவன் அதை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டான்.

தம்பி மனைவி படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பல்லுக்குச்சி," என்றாள். பிறகு, "அண்ணிக்கு இந்தப் பழக்கம் கிடையாதே," என்றாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "நீங்களா?"

"நானா? நான் இந்த அறைக்குள்ள கால் வச்சே எவ்வளவு நாளாச்சு. இன்னைக்கு டாக்டருக்காக வந்தேன்." அவன் சிரித்தான். "ஊரார் வீட்டு சோபாவுல இல்லாத குப்பையா? அதுக்குள்ள இருந்துதான் விழுந்திருக்கும். நாயே வந்துச்சு, குச்சி வராதா?"

பொருத்தமான பொய். அவன் மனைவி அதைப் புரட்டிப் பார்த்தாள். அடித்தையல் சரியாக இருப்பது மாதிரிதான் தெரிந்தது.

"ஆக, இந்த அறைக் குப்பைதான். பஞ்சுகூட ஒட்டியிருக்கு." அவள் குரலை உயர்த்தவில்லை. "காந்தம் ஆணியை மட்டும்தான் எடுக்கும்னு உங்களுக்குத் தெரியாதா, அண்ணி? இத்தனை வருஷத் தொழில்ல?"

அது உண்மை. இரும்பைத் தவிர வேறு எதுவும் குத்தும் என்று ஆணியக்கா நினைத்ததே இல்லை. அவளை அறியாமல் கை மேசை ஓரத்துக்குப் போய், கிண்ணத்திலிருந்து ஆணிகளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. மனம் நொந்தால் அதுதான் அவள் வழக்கம்.

"நீங்க சொன்னது ஞாபகம் இருக்கா?"

அவள் தலையசைத்தாள். கண் மட்டும் தம்பி மேல் இருந்தது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்னோடதாத்தான் இருக்கும், எப்பவாவது வந்தேன், விடு. இவ்வளவுதான். கொஞ்சம் சண்டை வரும், ஒரு வேளை பட்டினி கிடப்பான், மறுநாள் சரியாகிவிடும். அதைவிடப் பெரிய எதையும் அவள் அவனிடம் இதுவரை கேட்டதில்லை. இதையும் வாய் திறந்து கேட்கவில்லை.

தம்பி சுவரில் மாட்டியிருந்த காந்தத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எங்க அக்கா வாக்கு தவறமாட்டா. நீ கவலைப்படாதே. சீக்கிரமே ஒரு இடம் பார்த்துக்குவா. இல்லக்கா? உனக்கும் அதுதான் வசதி, பெரிய இடமா கிடைக்கும். நாயை டாக்டர் எங்கயாவது சேர்த்து விட்டுடுவாங்க."

டிங்.

ஆணியக்கா ஓர் ஆணியை மேசை மேல் துப்பினாள். டிங், டிங். ஒவ்வொன்றாகத் துப்பினாள். கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் கை ஒரு கணம் நின்று, மறுபடி சுற்றியது.

"இந்தாம்மா," என்றாள் தம்பி மனைவியிடம். "உங்க அப்பா செத்தப்ப நீ மயங்கி விழுந்தியே. தலையில தண்ணி தெளிச்சு எழுப்பினாங்களே."

"இப்ப எதுக்கு அது?"

"அது நடிப்பாம்."

"அக்கா," என்றான் தம்பி.

"உறவுக்காரங்க பார்க்கணும்னு விழுந்தியாம். விழறதுக்கு முன்னாடி புடவையைச் சரி பண்ணிக்கிட்டியாம். இதோ, இந்த நீல சோபாவுல படுத்துக்கிட்டுத்தான் சொன்னான். இன்னும் ஸ்பிரிங்குக்கு மேல துணிகூடப் போடல. நீ உள்ள பாப்பாவுக்குப் பாட்டு பாடிட்டிருந்தே. அதுவும் எனக்குக் கேட்டுச்சு."

"அக்கா, வேணாம்."

"சோபாத் திண்டைப் புரட்டிப் பார்த்தேன்னு சொல்லி நான்தான் உன்னைப் பிடிச்சுட்டு வந்தேனாம், இப்ப தினமும் நீ அவனைப் புரட்டிப் பார்க்கறியாம்னு என்னைத் திட்டினான். நீ அழுதா மூக்கு மிளகாய்ப்பழம் மாதிரி ஆயிடுது, பக்கத்துல உட்கார முடியலன்னு சொன்னான். அதெல்லாம்கூட போகட்டும்." அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "பாப்பா மட்டும் பொறக்கலேன்னா உன்னை என்னைக்கோ கொண்டுபோய் உங்க அம்மா வீட்டுல விட்டிருப்பானாம். குழந்தையைப் பெத்து நீ அவனை மாட்டிவிட்டுட்டியாம்னு சொன்னான். ஒரு தடவை இல்ல. நான் ஆணி அடிச்சுக்கிட்டே கேட்டேன். அப்பல்லாம் வாயில குச்சி இருந்துச்சு. அப்படியே தூங்கிடுவான், அது கீழ விழும். நான் பார்க்கல. அதுதான் என் தப்பு."

குழந்தை அம்மாவின் காதைப் பிடித்து இழுத்து விளையாடியது. அவள் அந்தக் கையை விலக்கவில்லை.

"சொன்னீங்களா?" என்றாள் கணவனிடம்.

"அது சும்மா... அக்காகிட்ட ஒரு பேச்சுக்கு..."

"அப்பா விஷயம்?"

அவன் மூடிய கையைத் திறந்தான். இறுகப் பிடித்ததில் குச்சி அவன் உள்ளங்கையில் குத்தியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அழுவாள் என்று ஆணியக்கா எதிர்பார்த்தாள். தம்பி மனைவி அழவில்லை. மூக்கின் நுனி மட்டும் மெல்லச் சிவந்தது. அது அவளுக்கே தெரிந்தது போல, அதைக் கையால் மறைத்துக்கொண்டாள். அந்த ஒரு அசைவைத்தான் ஆணியக்காவால் பார்க்க முடியவில்லை. குனிந்து நாயின் காலைப் பார்த்தாள்.

"அறை உங்களோடது, அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "இனிமே யாரும் காலி பண்ணச் சொல்லமாட்டாங்க. இவரையும் நீங்களே வச்சுக்கோங்க."

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனாள். நடுக்கதவு மூடியது. ஒட்டியிருந்த எக்ஸ்ரே படம் ஒரு மூலையில் பிய்ந்து தொங்கியது. தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து, வீட்டின் மறுகோடியில், சந்துக் கதவின் தாழ்ப்பாளும் விழும் சத்தம் கேட்டது.

டாக்டரம்மா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சாமான்களைக் கழுவினார். "கட்டுத்துணியை நாளைக்குப் பிரிச்சிடுங்க. வெதுவெதுப்பான உப்புத்தண்ணியில காலையிலயும் சாயந்தரமும் காலை முக்கி வைங்க. காயம் உடனே மூடக்கூடாது, உள்ள இருந்து ஆறிட்டு வரணும். நக்க விடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல முழிச்சிடும், முழிக்கும்போது பயப்படும், பக்கத்துல இருங்க."

"இருக்கேன்."

"நல்லா ஓடும். கால் ஒண்ணும் கெட்டுப்போகல."

தம்பி நீல சோபாவின் ஓரத்தில் போய் உட்கார்ந்தான். ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

"அதுல உட்காராதே," என்றாள் அக்கா. "ஊரார் வீட்டு சோபா."

அவன் எழுந்தான். சின்ன வயதில் அடி வாங்கிய பிறகு நிற்பதுபோலவே நின்றான். தோள் இறங்கி, கை எங்கே வைப்பதென்று தெரியாமல். அந்தத் தோளைத் தொட்டுவிட்டால் எல்லாம் கரைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போய் மேசை ஓரத்திலிருந்த ஆணிகளைப் பொறுக்கினாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணினே? உனக்கு நான்தானே..."

"டாக்டரம்மா பை கனமா இருக்கு. வண்டி வரைக்கும் தூக்கிட்டுப் போய்க் கொடு."

டாக்டரம்மா, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வெளியே இறங்கினார். தம்பி பையைத் தூக்கினான். வாசற்படியைத் தாண்டி, தெருவில் ஒரு காலும் படியில் ஒரு காலுமாக நின்று திரும்பினான். வீட்டுச் செருப்போடு இருந்தான்.

"பையை வண்டியில வச்சுட்டு நான் எங்க போறது?"

அவள் வாயில் அதற்குள் ஆணிகள் இருந்தன. மேசை மேல் பஞ்சு தூக்கத்தில் காலை உதறி, மெல்ல முனகியது. அவள் ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, தெருக்கதவைச் சாத்தினாள்.